சுவர் காயும்வரை

என் கணவர் கட்டடங்களை வடிவமைக்கிறவர். மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டி, அந்தக் காலத்தில் சுக்கும் மிளகும் அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிடங்கைத்தான் எங்கள் வீடாக மாற்றினார். புதிதாகக் கட்டியது அதில் கொஞ்சம்தான். கை நீளத்துக்குத் தடித்த, செம்பாறையிலிருந்து அறுத்த வெட்டுக்கல் சுவர்கள், அவற்றின்மேல் சுண்ணாம்புப் பூச்சு, நடுவில் கூரையில்லாத முற்றம். மழை வீட்டுக்குள் பெய்யும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வேலியேற்றம் வரும். கடல் ஏறி, காயல் பொங்கி, ஓடை வழியாகத் தண்ணீர் முற்றத்துக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போகும். அடுத்த வீட்டில் இதற்குக் கஷ்டம் என்று பெயர், எங்கள் வீட்டில் தத்துவம் என்று பெயர்.

"தண்ணிய மறிச்சாத்தான் அது சண்டைக்கு வரும். வழி விட்டா வந்துட்டுப் போயிடும்" என்பார். சுவர்களும் அப்படித்தானாம். மழைக்காலத்தில் ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசுவது தூங்குகிறவன் மூக்கைப் பொத்துவது மாதிரி என்று, யார் வீட்டு வேலை கேட்டு வந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவார். சிமெண்ட் வேண்டும் என்று அடம்பிடித்தவர்களைச் சாயா கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். காலையில் எழுந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். வீட்டைப் பார்க்கக் கேமராவோடு வருகிற காலேஜ் பிள்ளைகள் அந்தக் கையையும் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் போன பிறகு முற்றத்துச் சேற்றைக் கழுவிவிடுகிறவள் நான். அதை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை.

எனக்கு, யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பக்கம் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்க்கிற வேலை. மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி அள்ளுவேன். ஈரம் எவ்வளவு என்று மெஷின் சொல்லும். ஆனால் அதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். முழுக்க நனைந்த மூட்டையால் பயமில்லை, அதைப் பார்த்தாலே தெரியும். வெளியே மொறுமொறுவென்று காய்ந்து, நடுவில் ஈரம் நிற்கிற மூட்டைதான் ஆபத்து. உள்ளுக்குள்ளேயே பூஞ்சை பிடித்து, பக்கத்து மூட்டையையும் சேர்த்துக் கெடுக்கும். இப்படி நாள் முழுக்க ஈரத்தோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தி, ஈரத்துக்குப் பாய் விரிக்கிற ஒரு மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். இதை அவரிடம் சொன்னால் சிரிப்பார்.

எங்கள் மகளுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்த பிறகுதான் எங்களுக்குள் சிரிப்பு நின்றுபோனது. மாப்பிள்ளை கப்பலில் இருந்தார். குழந்தைக்கு நுரையீரல் சரியாக வளரவில்லை என்று ஆஸ்பத்திரியிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூச்சு விடும்போது அந்தச் சின்ன நெஞ்சு குழிந்து குழிந்து எழும். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச்சு வந்தபோது டாக்டர் கேட்டார், "வீடு எப்படி? ஈரம், பூஞ்சை எதாவது உண்டா?"

எல்லாரும் என் கணவரைத்தான் பார்த்தோம்.

முதலில் வாயைத் திறந்தவர் சம்பந்தியம்மா. காக்கநாட்டில் உயரமான ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் இருக்கிறவர். "என் ஃபிளாட்டுக்குக் கொண்டு போறேன். அங்க ஈரம்னா என்னன்னே தெரியாது. அந்த வீட்டுல பெரியவங்களுக்கே இருமல் வரும்." மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். பெற்ற வயிற்றோடு அவளுக்கு அம்மா வேண்டும், அவ்வளவுதான். "நான் எங்க வீட்டுக்குத்தான் போவேன்." என் கணவர் யோசிக்கவேயில்லை. "வா மோளே. நான் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டில் கதவைச் சாத்தக்கூடிய அறை ஒன்றே ஒன்று, காயல் பக்கத்து அறை. மற்றவற்றுக்கு முற்றத்துப் பக்கம் சுவரே கிடையாது, காற்று வர வேண்டுமாம். அந்த ஓர் அறையின் சுவரும் மழைக்காலத்தில் வியர்க்கும். அதற்கு மட்டுமாவது சிமெண்ட் பூசிவிடுங்கள் என்றேன். கெஞ்சினேன், கத்தினேன். வெட்டுக்கல்லில் உப்பு இருக்கிறது, காயல் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது, அடைத்தால் ஈரம் மேலே மேலே ஏறும் என்று பாடம் நடத்தினார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

"உங்க சுவர் மூச்சு விடட்டும். அந்தக் கொழந்த மூச்சு விட வேண்டாமா?" என்றேன்.

அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

குழந்தை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் முழுக்க நானும் அங்கேயே கிடந்தேன். குளிக்க மட்டும் எப்போதாவது வீட்டுக்கு வருவேன், வந்தால் காயல் பக்கத்து அறை பூட்டியிருக்கும். வேலை நடக்கிறது என்பார். கடைசியில் குழந்தையோடு வந்து இறங்கிய அன்றைக்குத்தான் உள்ளே போய்ப் பார்த்தேன். சோற்றுத் தட்டைத் துடைத்து வைத்ததுபோல வழுவழுவென்று வெள்ளைச் சுவர்கள். தொட்டால் காய்ந்திருந்தது. "என்ன செஞ்சீங்க?" என்றேன். "புதுச் சுண்ணாம்பு. நல்லா இழைச்சிருக்கு" என்றார். வருஷக்கணக்காக அவரிடம் வேலை செய்கிற தென்காசிக்காரக் கொத்தனார் வாசலில் நின்று சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் நன்றி சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கிருந்த சந்தோஷத்தில் அது மனதில் தைக்கவில்லை. உத்தரத்தில் கயிறு போட்டு, என் பழைய புடவையில் தொட்டில் கட்டினோம்.

மழை வலுத்தது. கர்க்கடக மாதம், அதாவது ஆடியில், காயலுக்கும் தெருவுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் குழந்தையின் மூச்சையே எண்ணிக்கொண்டு கிடந்தேன். கொஞ்சம் விசில் சத்தம் கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவேன். என் கணவரோ ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்த அறைக்கு வருவார். குழந்தையைப் பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். காலையில் எல்லாச் சுவரையும் தொடுகிறவர் அந்த அறைச் சுவரை மட்டும் தொடவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

கர்க்கடக அமாவாசை அன்று மத்தியானம் வேலியேற்றம். முற்றம் நிறைந்து, தண்ணீர் படியேறி நின்றது. மகள் குளிக்கப் போயிருந்தாள், குழந்தை தொட்டிலில் தூங்கியது. துணி மடித்துக்கொண்டிருந்த நான் எழுந்திருக்கச் சுவரில் கையை ஊன்றினேன். பட்ட இடம் சில்லென்றிருந்தது. விரலை மடக்கித் தட்டினேன். காலிக் குடத்தைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், தொட்டில் கயிற்றுக்குப் பின்னால், என் தலை உயரத்தில், பெயிண்ட் கொப்பளித்து ஒரு முறத்தளவுக்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது.

அவரைக் கூப்பிட்டேன். வந்து உள்ளங்கையை வைத்தார்.

"தொட்டிலக் கழட்டு. கொழந்தயத் தூக்கு."

"சுண்ணாம்பு இப்படிச் சத்தம் போடாதே?"

"சுண்ணாம்பு இல்ல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. என் சொல்லைக் கேட்டு சிமெண்ட் பூசியதற்கா, பூசிவிட்டு என்னிடம் பொய் சொன்னதற்கா, இப்படி ஆகும் என்று தெரிந்தே பூசியதற்கா, அந்த நிமிஷம் எனக்கே தெரியவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று ஆரம்பித்தேன். அதற்குள் வாசலில் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது.

சந்துக்குள் கார் வராது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்திருந்தார். முகத்தில் கோபமும் பயமும் சரிபாதி. "இதுக்குள்ளயா கொழந்தய வெச்சிருக்கீங்க? போதும். நான் கூட்டிட்டுப் போக வந்தேன்." குளித்த ஈரத் தலையோடு ஓடிவந்த மகள், "நான் வரல அத்தை" என்று அழத் தொடங்கினாள்.

நான் குழந்தையோடு, அந்த வயிறு தள்ளிய இடத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் செய்யவில்லை, கால் தானாக நகர்ந்தது. சம்பந்தியம்மா அறையைச் சுற்றிப் பார்த்தார். எதிர்ச்சுவரில் கையைத் தேய்த்தார். அந்தப் பக்கம் காய்ந்துதான் இருந்தது. முகம் மெல்ல இளகியது.

"அட, இது சிமெண்டாச்சே! அண்ணா, கடைசில நீங்களும் வழிக்கு வந்துட்டீங்க. இத்தன நாள் எங்கள எல்லாம் என்ன பாடு படுத்தினீங்க!" திரும்பி மகளைப் பார்த்தார். "அழாத. இந்த அறைன்னா சரி. கொழந்த இங்கயே இருக்கட்டும்."

மகள் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அவரை அனுப்பிவிட்டுத் தொட்டிலைக் கூடத்துக்கு மாற்றிவிடலாம், தட்டியை வைத்து மழையை மறைக்கலாம், எதையாவது செய்துகொள்ளலாம். நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நான் திறந்திருக்க மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பேத்தி என் கையில் இருந்தாள்.

"வேண்டாம்" என்றார் என் கணவர். "கூட்டிட்டுப் போங்க."

யாருக்கும் புரியவில்லை. அவர் என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு அந்த இடத்தைக் காட்டினார். "காயல் பக்கத்துச் சுவர் உள்ள ஊறிப்போயிருக்கு. பூச்சு எப்ப வேணாலும் விழும். உடைச்செடுத்தா இந்த அறைல நிக்க முடியாத ஈரம். காயறதுக்கு வெயில் வரணும். இது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பூசினேன்."

சம்பந்தியம்மா ஒரு வார்த்தைகூடக் குத்திச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்லவாவது வழி இருந்திருக்கும். மகள்தான் கேட்டாள். "நீங்கதானே அப்பா வரச் சொன்னீங்க?" அவர் தொட்டில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு அவர் விரலுக்கு அகப்படவில்லை. நான்தான் ஒரு கையால் அவிழ்த்தேன்.

சந்து முனையில் நின்ற கார் வரை குழந்தையை நான் தூக்கிப் போனேன். சம்பந்தியம்மா குடை பிடித்தார். தண்ணீருக்கு அடியில் கல் எது, குழி எது என்று தெரியாமல், ஒவ்வோர் அடியையும் தடவித் தடவி வைத்து நடந்தோம். குழந்தை விழிக்கவில்லை. மகள் காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வீட்டுக்குள் வந்தபோது அவர் கையில் சுத்தியலும் உளியும் இருந்தன. கொத்தனாரைக் கூப்பிடவில்லை. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கொப்பளத்தின் ஓரத்தில் ஓர் அடி அடித்தார். ஒரே அடிதான். கதவளவு பலகையாகப் பெயர்ந்து, தொட்டில் தொங்கிய இடத்தில் விழுந்து நொறுங்கியது. பூச்சின் பின்பக்கம் முழுக்க உப்பு பூத்து நசநசத்திருந்தது. கெட்டுப்போன மூட்டையைப் பிரித்தால் வருமே, அந்த நாற்றம்.

நான் கேட்டேன், "ஏன் செஞ்சீங்க?"

அவர் உளியைக் கீழே வைத்தார். "நீ சொன்னது காதுலயே நின்னுடுச்சு. சுவரப் பத்தி எனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குள்ள அது நெஞ்சு குழியறதப் பாத்தப்ப, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தப்பா இருந்தா என்ன பண்றதுன்னு ஆயிப்போச்சு." பிறகு சொன்னார். "பயந்துட்டேன்டீ."

இத்தனை வருஷத்தில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் கொத்தனார் வந்தார். இருவருமாக நாலு சுவர் பூச்சையும் உடைத்து எடுத்தார்கள். கல் அம்மணமாகச் சிவந்து நின்றது. உப்பு பூக்கப் பூக்க நான் துடைப்பத்தால் தட்டிக் கூட்டினேன். ஜன்னல்களை மூடவேயில்லை. மகள் தினமும் போன் செய்வாள், என்னிடம் மட்டும் பேசுவாள். கடைசியில் ஒரு கேள்வி தவறாமல் வரும், "சுவர் காஞ்சுதா?"

சிங்க மாதம், ஆவணி வெயில் வந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் மகள் கூப்பிட்டாள். குழந்தை நன்றாகத் தேறிவிட்டது, டாக்டரும் சரி என்றுவிட்டார், அத்தையே கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார், அறை காய்ந்திருந்தால் நாளைக்கே வந்துவிடுவேன் என்றாள். அவள் குரலில் பழைய துள்ளல் இருந்தது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். சுவர் பார்வைக்கு வெளுத்து, காய்ந்துதான் தெரிந்தது.

"நீ பாரு" என்றார் மெல்ல.

சுவரில் கையை வைத்தேன். மேலே வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்காமல் வைத்திருந்தேன், மூட்டைக்குள் விட்டு நிதானிப்பதுபோல. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயிருந்து குளிர் வந்தது. கையை எடுக்காமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில் வந்து தன் கையையும் வைத்தார். பிறகு போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"இன்னும் இல்ல மோளே. உள்ள ஈரம் இருக்கு. இப்ப வரவேண்டாம்."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "சரி அப்பா. காஞ்சதும் நீங்களே கூப்பிடுங்க" என்றாள். போனைக் குழந்தையின் பக்கத்தில் வைத்திருப்பாள் போலிருக்கிறது. புஸ் புஸ் என்று மூச்சுச் சத்தம் கேட்டது. விசில் இல்லை.

"கேளு, நல்லா மூச்சு விடுறா" என்றார் என்னிடம். அவருடைய இன்னொரு கை சுவரில்தான் இருந்தது.