சித்தி காட்டிய கப்பல்

எங்கள் வீட்டில் யாரும் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று பஸ் ஏறியதில்லை. ஏறினால் கோயிலுக்கு, இல்லாவிட்டால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ. மைசூரிலேயே இருந்துகொண்டு, அரண்மனையை தசரா விளக்கு எரியும்போது வெளிக்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்த குடும்பம். அப்படிப்பட்ட நாங்கள், எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, மங்களூரில் அரை நாள் டூர் போனோம். மஞ்சள் கொடி பிடித்த கைடு முன்னால் நடக்க, தொப்பி போட்ட வெளியூர்க்காரர்களோடு நாங்களும் வரிசையாக நடந்தோம். அவர்கள் கடற்கரை ஊரைப் பார்க்க வந்தவர்கள். நாங்கள் காணாமல் போன சித்தப்பாவைத் தேட வந்தவர்கள்.

சித்தப்பா என் அப்பாவின் தம்பி. எங்கள் சொந்த ஊரான கௌதள்ளியிலிருந்து மங்களூர்த் துறைமுகத்துக்குப் போட் வேலைக்கென்று அவர் போனபோது நான் கைக்குழந்தை. அவர் முகத்தைக் கல்யாணப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்; அதிலும் பாதியை மாலை மறைத்திருந்தது. போன புதிதில் ஆள் மூலம் சேதி வந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுபோனது. ஒரு மழைக்காலத்தில் போட் ஒன்று கவிழ்ந்தது, அதில் அவர் இருந்தார் என்றார் ஒருவர். அவர் அந்தப் போட்டில் ஏறவே இல்லை என்றார் இன்னொருவர். அப்பா ஒருமுறை போய் விசாரித்துப் பார்த்தார். அந்தப் பெயரில் அங்கே நிறையப் பேர் இருந்தார்களாம். ஒருவரும் அவரில்லை.

அதற்குள் சித்தி எங்களோடு மைசூருக்கு வந்துவிட்டாள். அப்பாவுக்கு அங்கே ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை. சித்தியும் அந்தப் பக்கமே ஒரு ஆபீசில் கூட்டித் துடைக்கப் போனாள். காலையில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூ வைத்துத்தான் கிளம்புவாள். ஊரில் இருந்த பெரியப்பாவுக்கு இதுதான் பொறுக்கவில்லை. வரும்போதெல்லாம் இதே பேச்சு. செத்தவனுக்குக் காரியம் செய்யாமல் விட்டால் குடும்பத்துக்கு ஆகாது. அப்பாவுக்கு முதுகு பிடித்தாலும், எனக்குக் காய்ச்சல் வந்தாலும், எல்லாம் கரையேறாத தம்பியின் ஆவிதான். இப்படிக் காணாமல் போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்பார்களே என்று அம்மா மெல்ல எடுத்துச் சொன்னாள்.

"கவர்மெண்டே ஏழு வருசம் போதும்ங்குது. உனக்கென்ன பன்னண்டு?" என்று பெரியப்பா அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

தை அமாவாசைக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சங்கமத்தில் காரியம் என்று முடிவாயிற்று. உடல் இல்லாததால் புல்லில் ஆள் போலச் செய்து எரிப்பார்களாம். அதே இடத்தில் சித்தியின் தாலியையும் இறக்கிவிடுவார்கள். சித்தி அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஒருக்கா அந்த ஊர நானே என் கண்ணால பாக்கோணுமுங் மாமா. பாத்துட்டன்னா, நீங்க சொன்ன எடத்துல உக்காந்துக்கறேன்."

தனியாக அனுப்பினால் மாதக்கணக்கில் அலைவாள் என்று அப்பா பயந்தார். தொழிற்சாலையில் யாரோ இந்த டூரைப் பற்றிச் சொன்னார்கள். மங்களூரில் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுவதையும் காட்டி, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்களாம். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஊரையே முழுசாகப் பார்த்தாகிவிட்டது என்றால் பிறகு பேச்சுக்கு இடமில்லை அல்லவா? என் அப்பா வஞ்சகம் தெரியாதவர். எந்த வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒரு அளவு உண்டு என்று நம்பிய மனிதர், அவ்வளவுதான்.

எனக்கு இதில் எந்தக் கவலையும் இல்லை. நான் கப்பல் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருத்தி கொச்சிக்குப் போய்க் கப்பல் பார்த்துவிட்டு வந்து அந்த வருஷம் முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "உனக்குக் கப்பல் நான் காட்டறேன் சாமி" என்று சித்தி சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டேன்.

வண்டி கிளம்பியதிலிருந்து சித்தியால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. இந்த ஜன்னலில் கொஞ்ச நேரம், எழுந்து அந்த ஜன்னலில் கொஞ்ச நேரம். சிக்னலில் நின்றால் நடைபாதையில் போகிறவர்களையெல்லாம் ஒருவர் விடாமல் பார்ப்பாள். முன்சீட்டு அம்மாள் தன் மேல் இடித்துவிட்டதாக முறைத்தாள். கைடு மைக்கில் கன்னடத்தில் ஏதோ ராஜா கதை சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி அவர் அருகில் போய் நின்றாள்.

"ஏனுங், போட்டெல்லாம் நிக்கற எடம், ஆளுங்க மீனெறக்கற எடம், அங்க எப்பப் போவீங்க?"

"டூர்ல அது பரோல்லா, வராது மேடம்," என்றார் அவர், கன்னடமும் தமிழுமாக. "அங்க என்ன இருக்கு? மீனு, ஐஸு, கெட்ட வாசனை. உங்களுக்கு பீச் காட்டறேன், கூத்துக்கொள்ளி, கூத்துக்கொள்ளி." உட்காரச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. சித்தி உட்காரவில்லை.

முதலில் மேட்டின் மேல் இருக்கும் மஞ்சுநாதர் கோயில். எங்கள் குலசாமி மாதேஸ்வரனும் சிவன், அவரும் சிவன், ஆகவே அங்கே சித்திக்கு உரிமை அதிகம். சன்னதிக்கு நேராக நின்று கண் மூடிக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் பூ கேட்பது ஒரு வழக்கம். மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு நின்றால், சாமி மேலிருக்கும் பூ வலப்பக்கம் விழுந்தால் நல்ல வாக்கு, இடப்பக்கம் விழுந்தால் இல்லை. நானும் கண் கொட்டாமல் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இதழ்கூட அசையவில்லை. அதற்குள் வெளியே கைடு விசில் ஊதிவிட்டார். "இன்னும் ஒரு நிமிசம்" என்றாள் சித்தி. "சாமிக்கு நேரம் இருக்கும், டிரைவருக்கு இருக்கணுமே" என்று அப்பா அவளைக் கிளப்பினார். வலமும் இல்லாமல் இடமும் இல்லாமல் வண்டி ஏறினோம்.

அடுத்து ஒரு பெரிய கிறிஸ்தவக் கோயில். உள்ளே கூரையெல்லாம், சுவரெல்லாம் படம். எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். சித்தி, அண்ணாந்திருந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தாள்.

அங்கிருந்து ஒரு முந்திரிக் கடை. எங்கேயும் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்காத வண்டி அங்கே மட்டும் அசையாமல் நின்றது. கைடு கடைக்காரரோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். வாசலுக்கும் வண்டிக்குமாகச் சித்தி நடந்துகொண்டே இருந்தாள்.

"நாம முந்திரி வாங்கவாக்கா வந்தோம்?" என்று அம்மாவிடம் வெடித்தாள்.

"உசுர விடாத புள்ள. வா, இந்தா, சும்மா குடுக்கறாங்க, ரெண்டு தின்னு," என்றாள் அம்மா. சித்தி அதை வாங்கி என் கையில் திணித்துவிட்டு மறுபடியும் ரோட்டைப் பார்க்கப் போய்விட்டாள். நானும் என் பங்குக்கு, "கப்பல் எப்போ சித்தி, கப்பல் எப்போ?" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தபடி இருந்தேன். அந்தக் காலை வேளையில் அவளுக்கு எத்தனை தொந்தரவு!

கடற்கரைக்குப் போகிற வழியில் வண்டி ஒரு சந்தில் சிக்கிக்கொண்டது. முன்னால் ஐஸ் லாரி, பின்னால் மீன் வண்டி. ஜன்னல் வழியாக நாற்றம் அடித்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வலப்பக்கம் கட்டடங்களுக்கு நடுவே போட்டுகளின் கொடிகள் தெரிந்தன. சித்தி கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

"கதவத் தொறங்க! நான் எறங்கோணும்!"

அப்பா அப்போது டிரைவருக்குப் பக்கத்தில் நின்று, லாரியை எப்படிப் பின்னால் எடுக்க வேண்டும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. அம்மா மட்டும் திரும்பினாள். கைடு தலையில் அடித்துக்கொண்டார். "வண்டி எடுத்தா நிக்கமாட்டேன் மேடம்" என்றார். "போங்க, நான் நடந்து வந்துக்குவேன்" என்றாள் சித்தி. கிளீனர் பையன் கதவைத் திறந்துவிட்டான்.

நான் சித்தியின் இருக்கையிலேயே மண்டி போட்டு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரியிலிருந்து ஐஸ் பாளங்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஐஸிலிருந்து புகை வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நெருப்பே இல்லாமல் புகை! தோளில் சாக்குப் போட்டுக்கொண்டு ஒருவர் பாளத்தைத் தூக்கி வைக்க, தண்ணீர் வழிந்து அவருடைய நீலக் கட்டம் போட்ட லுங்கி முழுக்க நனைந்திருந்தது. நாலு வயதிருக்கும், ஒரு சின்னப் பெண் தூக்குப்போசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா! அம்மா சோறு குடுத்துச்சுப்பா!"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சித்தி, சித்தி, அந்தப் பாப்பா நம்ம பாஷை பேசுது!"

சித்தி படிக்கட்டில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்தாள். அந்த ஆள் ஐஸை இறக்கி வைத்துவிட்டு, ஈரக்கையை லுங்கியிலேயே துடைத்துக்கொண்டு, அந்தக் குழந்தையைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டார். அது அவர் தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

"எறங்கறதுன்னா எறங்குங்கம்மா" என்றான் கிளீனர்.

"வேண்டாம். சாத்திருங்க."

திரும்பி வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். நான் இன்னும் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தேன். என் தாடையைப் பிடித்து மெல்ல எதிர்ப்பக்கம் திருப்பினாள். அவள் விரல்கள் ஐஸ் தொட்டது போலச் சில்லென்றிருந்தன.

"அங்க பாரு சாமி, கப்பல்."

பரபரத்துப் பார்த்தேன். ஒரு ஓட்டு வீடு, ஒரு தென்னை மரம், கம்பத்தின் மேல் ஒரு காக்காய். வேறொன்றும் இல்லை.

"எங்க சித்தி?"

"இப்பத்தான் போச்சு."

அதற்குள் லாரி நகர்ந்து வண்டியும் கிளம்பிவிட்டது. ஒரு நொடியில் கப்பலைத் தவறவிட்ட துக்கத்தில் நான் கடற்கரை வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

கடற்கரையில் கைடு எல்லோரையும் அலையில் நின்று வரச் சொன்னார். காலையிலிருந்து கால் பாவாத சித்தி அங்கே மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுப்பப் போன அம்மா தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசில் ஊதியதும் அப்பா வந்து, "என்னம்மா, ஊரப் பாத்தாச்சா?" என்று கேட்டார். பாவம், அவருக்கும் உள்ளே ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும். நாலு புறமும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வண்டிக்கு நடந்தார். "பாத்தாச்சுங் மாமா" என்றாள் சித்தி.

தை அமாவாசைக்கு முந்தின வாரம் பெரியப்பா காரியத்துக்கான சாமான்களோடு வந்து இறங்கினார். சித்தி நடுவீட்டில் வந்து நின்றாள்.

"காரியம் வேண்டாமுங். உசுரோட இருக்கறவருக்குப் பண்ணினா பாவம்."

"உசுரோட இருக்கானா? நீ பாத்தியா?" என்று அப்பா எழுந்தே விட்டார்.

சித்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு, "மஞ்சுநாதர் பூக் குடுத்தாருங். வலப்பக்கம் விழுந்துச்சு," என்றாள்.

சாமி வாக்கு என்றதும் பெரியப்பாவே வாயை மூடிக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இல்லையே சித்தி, பூ விழவே இல்லையே! நான் பாத்துட்டே…" என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இருக்கிறதே, அது வரைக்கும் அவள் என்னை அப்படிக் கிள்ளியதில்லை. "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்? நானுந்தான் பாத்தேன், விழுந்துச்சு," என்றாள். பூ கேட்ட நேரத்தில் அம்மா வெளியே செருப்புக்குக் காவல் இருந்தாள்.

இன்றைக்கும் சித்தி குங்குமத்தோடுதான் இருக்கிறாள். சுமங்கலிகளுக்கு வைத்துக்கொடுக்கும்போது எங்கள் வீட்டில் அவளுக்குத்தான் முதல் தட்டு. நானும் என் பிள்ளைகளும் அவள் காலில் விழுந்து கும்பிடுகிறோம். சாமி பேரில் பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சித்தியின் நாக்குக்கு ஆண்டவன் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை. அதை அவன் எந்தக் கணக்கில் எழுதிக்கொண்டான் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை.

ஆனால் அன்றைக்கு என் கவலை வேறு. கிள்ளு வாங்கிய தொடையோடு பின்கட்டுக் குழாயடியில் விசும்பிக்கொண்டிருந்தேன். சித்தி வந்து தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். கோபம் தணிந்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்து ஞாபகம் வந்தது. நானும் கப்பல் பார்த்ததாக அங்கே சொல்லியாகிவிட்டது. என்ன நிறம் என்று கேட்டு அந்தக் கொச்சிக்காரி என்னை மடக்கியிருந்தாள்.

"சித்தி, அன்னிக்கு நீ பாத்த கப்பல் என்ன கலரு?"

சித்தியின் கை என் தொடையில் அப்படியே நின்றது. குழாயில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீலம்," என்றாள். "நீலக் கட்டம்."

மறுநாள் வகுப்பில் போய் அதை அப்படியே சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், எந்த ஊரிலடி கப்பலுக்குக் கட்டம் போடுவார்கள் என்று. எனக்கும் அது புரியத்தான் இல்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கென்ன தெரியும், எங்கள் சித்தி தன் கண்ணாலேயே பார்த்தாள் என்று, மணி அடிக்கும் வரைக்கும் சண்டை போட்டேன்.