தொட்டித் தண்ணி வைத்தியம்

இன்னைக்கு ஆம்பூர்ல ரயில் ஏறினேன். எதிர் பெஞ்சுல தோல் பதனிடுற ஷாப்பு மேஸ்திரி ஒருத்தர். பக்கத்துல அவர் சம்சாரம், மடியில எட்டு மாசக் குழந்தை. காலையிலேருந்து பால் குடிக்கலையாம், வீல் வீல்னு ஒரே கத்தல்.

எட்டிப் பார்த்தேன். நாக்கு, உதடு எல்லாம் புண்ணு.

"வாய்க்கு இன்னாம்மா போட்டீங்க?"

அந்தப் பொண்ணு புருஷனைப் பார்த்துச்சு.

அவர் பெருமையா ஒரு சீசாவைத் தூக்கிக் காட்டினார். ஆவாரம்பட்டைத் தண்ணி. ஷாப்புல தோல் ஊறுற தொட்டியிலேருந்து மொண்டதாம்!

"மாட்டுத் தோலையே இறுக்குதும்மா, இந்தப் புண்ணு எம்மாத்திரம்? துணியில நனைச்சு அழுத்தித் தேய்க்கணும்."

"அது செத்த மாட்டுத் தோலுய்யா, அதுக்கு வலிக்காது. தேய்க்கறதை நிறுத்துங்க. தாய்ப்பாலும், காய்ச்சி ஆறவெச்ச தண்ணியும் கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. காட்பாடியில இறங்கி ஜட்கா பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"தோலு விஷயத்தை எனக்கே சொல்லித் தர்றியா?"

"அப்ப உங்க நாக்குல கொஞ்சம் விட்டுக்குங்க, பார்ப்போம்."

பெட்டியே அவரைப் பார்த்துச்சு. ரோஷத்துல ஒரு வாய் ஊத்திக்கிட்டார். மறு நிமிஷம் ஜன்னல் வழியா துப்பிட்டு, என் கூஜாவைப் பிடுங்கி, இருந்த தண்ணி மொத்தத்தையும் கொப்புளிச்சே தீர்த்தார்.

அந்தப் பொண்ணு சீசாவை எடுத்து அதே ஜன்னல் வழியா வீசிடுச்சு.

உங்க வீட்டு மேதைங்க குழந்தை வாயில இன்னா தடவுறாங்க? சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா முதல்ல அவங்க வாயில ஊத்திப் பாருங்க. குழந்தைக்குத் துப்பத் தெரியாது.