அட்டை கிடைக்காத எட்டுப் பேர்

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை வாசிக்க வைப்பது ஒரு வேலை. வாசிக்க வைத்தோம் என்று பல்கலைக்கழகத்துக்கு நிரூபிப்பது அதைவிடப் பெரிய வேலை. தொடக்கப்பள்ளிக் கல்வியில் முதுகலை படிக்கும் எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வாய்க்கும். நீங்களும் இந்தப் படிப்பைப் படித்தவர் என்றால், மேற்பார்வையாளரின் அறை வாசலில் கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று நின்ற நிமிடங்கள் உங்களுக்கும் இருக்கும். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

எதற்கு இந்தப் படிப்பு

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீட்டுக்கார ஆன்டி நல்லவர். நான் பொட்டலத்து நூடல்ஸையே சாப்பிடுவதைப் பார்த்து, சில நாள் மேசைமேல் இட்லி மூடி வைத்துவிட்டுப் போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் உட்கார்ந்து அட்டைகளை வெட்டிக்கொண்டிருந்தேன். அருகில் வந்து, என்ன படிப்பு என்று கேட்டார். அதிகம் பழகாதவர்களிடம் எனக்கு மூன்று வாக்கியங்களுக்கு மேல் வராது. மூன்றிலேயே சொல்லி முடித்தேன்.

அவர் கத்தரிக்கோலை வாங்கி, நான் கோணலாக வெட்டியிருந்த அட்டையின் ஓரத்தை நேராக்கித் தந்தார். பிறகு சொன்னார்: "எங்க காலத்துல ஆறாப்பு முடிச்சவங்களே அ, ஆ சொல்லிக் கொடுத்தாங்க. இப்ப அதுக்கு மாஸ்டர்ஸ் கேக்குதா லா?"

பிஸ்கட் டின்

ஆய்வுக்கு எனக்குக் கிடைத்தது கிள்ளானுக்கு அருகே மேரு என்ற ஊரில் ஒரு தமிழ்ப்பள்ளி. காலையில் கொமியூட்டர் என்னும் புறநகர் ரயிலில் கிள்ளான் வரை போவேன். நிலையத்துக்கு வெளியே மல்லிகா டீச்சர் காரில் காத்திருப்பார். இரண்டாம் ஆண்டு வகுப்பின் ஆசிரியை அவர். வாசிக்கத் தடுமாறும் பதினாறு பிள்ளைகளை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலிருந்து பொறுக்கிப் பட்டியல் போட்டுத் தந்தவரும் அவர்தான்.

என் முறை எளிமையானது. பிள்ளை தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லும். சொன்னதைச் சொன்னபடியே அட்டையில் எழுதுவேன். பிறகு அதைச் சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துப் போடுவேன். பிள்ளை அடுக்கி வாசிக்க வேண்டும். தன் வாயிலிருந்து வந்த சொல் கண்ணுக்குச் சீக்கிரம் பழகும் என்பதே எண்ணம். ஆனால் அட்டை எட்டுப் பேருக்குத்தான். மற்ற எட்டுப் பேர் கட்டுப்பாட்டுக் குழு. அவர்கள் வழக்கம்போல வகுப்பிலேயே பாடநூலைப் படிப்பார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு குழுவுக்கும் ஒரே தேர்வு. வித்தியாசம் தெரிந்தால் முறை பலித்தது என்று எழுதலாம். தேர்வு முடிந்த பிறகு மற்ற எட்டுப் பேருக்கும் அட்டை கொடுப்பதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தேன். அதுவரை கொடுக்கக் கூடாது.

யார் எந்தக் குழு என்பதை நான் தேர்ந்தெடுக்க முடியாது. பதினாறு பெயர்களைச் சீட்டில் எழுதி, ஆசிரியர் அறையில் இருந்த காலி பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினோம். மல்லிகா டீச்சர் எடுத்தார். முதல் எட்டுச் சீட்டுக்கு அட்டை. ஒன்பதாவதாக வந்த சீட்டில் தர்ஷினி என்று இருந்தது. இரண்டாம் ஆண்டு, தன் பெயரைத் தவிர வேறெதையும் படிக்கத் தெரியாதவள். மல்லிகா டீச்சர் சீட்டை மடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

"இவளுக்குத்தாம்மா ரொம்ப வேணும். டின்னுக்கு அது எங்க தெரியுது."

கையெழுத்து

பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மூன்று பக்கப் படிவம். அதைத் தமிழில் எழுதவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று, வரும் ஒவ்வொருவரிடமும் விளக்கினேன். ஆறாவது ஆளுக்குள் என் குரல் கம்மிவிட்டது.

தர்ஷினியின் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருந்தார். சீருடைமேல் இன்னும் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உங்கள் மகள் இப்போது அட்டை வாங்கும் குழுவில் இல்லை, பன்னிரண்டு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்று சொன்னேன். படிவத்தையும் படிக்கச் சொல்லி நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கத்தையும் மரியாதைக்காகப் புரட்டினார் என்று இப்போது தோன்றுகிறது.

"டீச்சர் நீங்க நல்லதுக்குத்தான் செய்வீங்க. எங்க சைன் வைக்கணும், அதக் காட்டுங்க."

நூல்நிலையத்தில் எட்டுப் பேர்

வாரத்தில் மூன்று நாள், அரை மணி நேரம். பள்ளி நூல்நிலையத்தின் ஒரு மூலையில் பாய் விரித்து உட்காருவோம். முதல் நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். கடைசியில் மூன்றாம் ஆண்டு யுவராஜ், "எங்க வீட்டு நாய் மோட்டார் சைக்கிளப் பார்த்தா கட்டிலுக்கு அடியில ஓடிடும்" என்றான். அதை அப்படியே எழுதினேன். 'பார்த்தா' என்பதைக்கூட மாற்றவில்லை. வெட்டிப் போட்டதும் அவன் 'நாய்' என்ற சொல்லைத் தேடி எடுத்தான். அடுத்தது 'கட்டிலுக்கு'. இரண்டு வருடமாக எழுத்தைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்பவன் என்று பட்டியலில் அவனைப் பற்றி எழுதியிருந்தது.

வாக்கியத்தை முழுவதும் அடுக்கிவிட்டு, ஏமாற்றப்பட்டவன்போல என்னைப் பார்த்தான்.

"நான் சொன்னதத்தான் நானே படிக்கணுமா? இதுக்கா டீச்சர் எல்லாரும் இவ்ளோ பயந்தோம்?"

ஜன்னல் கம்பி

நான்காவது வாரம் நூல்நிலைய ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. தர்ஷினி. கழிப்பறைக்கு அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாய்மேல் பரப்பியிருந்த அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போனேன். கண்டிக்கத்தான் போனேன். கட்டுப்பாட்டுக் குழுப் பிள்ளை பாடத்தைப் பார்த்துவிட்டால் அதையும் ஆய்வுக் குறிப்பில் எழுத வேண்டும்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள். வகுப்பில் நல்ல பிள்ளைகள் அப்படித்தான் கை கட்டி உட்காருவார்கள். தனக்குத் தண்டனை கொடுத்திருக்கிறார்கள் என்றும், சரியாக நடந்துகொண்டால் அது நீங்கிவிடும் என்றும் நினைத்திருக்கிறாள்.

"நான் பேசாமத்தான உக்காந்திருக்கேன் டீச்சர். எனக்கு மட்டும் ஏன் அட்டை இல்ல?"

பெட்டாலிங் ஜெயா

அதே வாரம் வெள்ளிக்கிழமை, பள்ளி வாசலில் தர்ஷினியின் அம்மா என்னைத் தேடி வந்தார். அடுத்த பள்ளி விடுமுறையில் குடும்பம் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போகிறதாம். கணவருக்கு அங்கே வேலை. வீடு பார்த்தாகிவிட்டது. வீட்டுக்குப் பக்கத்தில் மலாய்ப் பள்ளி. அதில் இடமும் கேட்டாகிவிட்டது. தமிழ்ப்பள்ளியும் சற்றுத் தள்ளி இருக்கிறது, ஆனால் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

விடுமுறைக்கு ஐந்து வாரம் இருந்தது. என் ஆய்வு முடிய எட்டு வாரம். 'தேர்வு முடிந்ததும் கொடுப்பேன்' என்று நான் எழுதிக் கொடுத்த நாள் வரும்போது தர்ஷினி இங்கே இருக்கமாட்டாள். தமிழ் எழுத்துகள் தன்னால் முடியாத ஒன்று என்ற நினைப்போடு போய்விடுவாள். நான் தலையாட்டினேன். தர்ஷினி அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசம் பார்த்துட்டோம் டீச்சர். இவளுக்குத் தமிழ் ஏறாது. அவளையும் சொல்லிக் குத்தமில்ல."

மூன்று வாரம்

அன்றே மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை. மறுநாள் திருத்தினேன். எட்டுப் பேர் ஏழானால் ஆய்வு செல்லாது என்பார், இன்னொரு பள்ளியில் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார், ஒரு பிள்ளைக்காக இளகியவள் ஆராய்ச்சிக்கு லாயக்கில்லை என்பார் என்று நானாகவே அவருடைய பதில்களை எல்லாம் எழுதிக்கொண்டேன். ரயிலில் போகும்போதும் வரும்போதும் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். இரண்டு முறை அவர் அறை வரை போய்த் திரும்பினேன். ஒருமுறை உள்ளே வேறு மாணவி இருந்தாள். மறுமுறை யாருமே இல்லை, அவர் மட்டும் இருந்தார். அப்போதும் திரும்பினேன்.

அந்த வாரங்களில் தர்ஷினி ஜன்னலுக்கு வரவில்லை. வகுப்பில் கை கட்டியே உட்கார்ந்திருக்கிறாள் என்று மல்லிகா டீச்சர் காரில் சொன்னார். நான் வெளியே பார்த்தபடி வந்தேன். தொழிற்பேட்டைச் சாலையில் லோரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. ஒரு சிவப்பு விளக்கில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்க பேசலன்னா அட்டை குடுத்துப் பேச வைக்கிற. உன்னைப் பேச வைக்க யாரு அட்டை குடுக்கறது?"

ஒரே பக்கம்

ஏழாவது வாரம், மாதாந்தரச் சந்திப்பில் கடைசியாகச் சொல்லிவிட்டேன். பயிற்சி செய்த வாக்கியம் வரவில்லை. ஜன்னல், கை கட்டு, பெட்டாலிங் ஜெயா எல்லாம் தலைகீழ் வரிசையில் வந்தன. மேற்பார்வையாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, அந்தப் பிள்ளை கடைசித் தேர்வுக்கு எப்படியும் இருக்கப்போவதில்லையே, அப்புறம் அவளைக் குழுவில் வைத்திருந்து என்ன பயன் என்றார். ஆய்விலிருந்து பெயரை நீக்கிவிட்டால் அவளுக்கு எதைச் சொல்லிக் கொடுக்கவும் தடையில்லை. மீதி ஏழு பேர் போதும்.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். விலகல் படிவம். பெயர், காரணம், அம்மாவின் கையெழுத்து, என் கையெழுத்து. எங்கள் கையேட்டின் கடைசியிலும் அது இருந்திருக்கிறது. நான் அந்தப் பக்கம் வரை படித்ததில்லை. என் முகத்தைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரே பக்கம்மா. மூனு வாரத்துக்கு முன்னாடி வந்து கேட்டிருந்தா, மூனு வாரத்துக்கு முன்னாடியே குடுத்திருப்பேன்."

பத்து நாள்

மறுநாளே படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். விடுமுறைக்குப் பத்துப் பள்ளி நாள்கள் மிச்சமிருந்தன. தினமும், ஓய்வு நேரத்தில், தர்ஷினிக்கு மட்டும் தனியாக. முதல் நாள் அவள் கைகளை அவிழ்க்கவே இல்லை. இரண்டாம் நாள் சொன்னாள்: "எங்க அம்மா கையில பவுடர் வாசம் அடிக்கும்." தொழிற்சாலையில் கையுறைகளுக்குத் தூவும் பவுடர். எழுதி வெட்டிப் போட்டேன். 'அம்மா'வை எடுத்தாள். 'பவுடர்' என்ற சொல்லை விரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அதன் பிறகு கைகள் கட்டப்படவில்லை.

பத்தாம் நாள் அவளுக்கு ஏழு வாக்கியங்கள் இருந்தன. ஐந்தைத் தடங்கலில்லாமல் வாசித்தாள், இரண்டில் நின்று நின்று வந்தாள். பள்ளி விட்டதும் அம்மாவின் முன்னால் வாசிக்கச் சொன்னேன். வாசல் மரத்தடியில் சிமெண்டுத் திட்டின்மேல் சொற்களை அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் விரல் வைத்து வாசித்தாள்: "அம்மா பகல்ல தூங்குனா நான் டிவி சத்தத்தக் கொறச்சுருவேன்."

அம்மா அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் தலையில் கை வைத்தார், எடுத்தார். அவளை நாங்களே ஏறாது ஏறாதுன்னு சொல்லிட்டோமே என்று முணுமுணுத்தார். புதிய பள்ளியில் பெயர் பதிந்தாகிவிட்டது, இனி மாற்ற அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தவர் திரும்பினார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பத்து நாள்ல இவ்ளோ வருதே டீச்சர். அப்ப இத்தன நாளா ஏன் குடுக்கல?"

வாய்மொழித் தேர்வு

தர்ஷினியின் அம்மாவுக்கு நான் சொன்ன பதில் பதிலே அல்ல. அதை இங்கே எழுதவில்லை. ஆய்வு முடிந்தது. அட்டை வாங்கியவர்கள் நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். மீதி ஏழு பேருக்கும் சொன்னபடி அடுத்த தவணையில் அட்டை கொடுத்தேன். தர்ஷினி இப்போதும் தமிழ் வாசிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மாவின் எண் படிவத்தில் இருக்கிறது. அழைக்கலாம்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் ஒருவர் அட்டவணையைக் காட்டி, இங்கே எட்டு, இங்கே ஏழு, ஒருவர் எங்கே என்று கேட்டார். இந்த முறை நான் தயங்கவில்லை. சீட்டிலிருந்து சிமெண்டுத் திட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளில் எதையோ குறித்தார்.

"நல்லதும்மா. அத 'ஆய்வின் வரம்புகள்'ல ஒரு வரியா போட்டுடுங்க."

ஒரு வரி போட்டேன், பட்டமும் வந்தது. வாய் திறக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டவளுக்கு, பிள்ளைகளைத் தயங்காமல் பேச வைப்பது எப்படி என்பதில் முதுகலை.