கஞ்சி அடைத்த குழாய்

எனக்கு இரத்தத்தில் சீனி கூடி, சீனி வருத்தம் தொடங்கிவிட்டது என்று வைத்தியர் சொன்ன அடுத்த நாளே, மனைவியின் அம்மா சண்டிலிப்பாயிலிருந்து உடுப்புப் பையோடு எங்கள் மானிப்பாய் வீட்டுக்கு வந்து இறங்கிவிட்டார். மனைவி விடியற்காலையிலேயே வேலைக்கு ஓடுகிறவள். என் சாப்பாட்டை மாமி பொறுப்பெடுத்தார். காலையில் எனக்கும் தனக்கும் ஆளுக்கொரு பெரிய கோப்பை குரக்கன் கஞ்சி, அதாவது கேழ்வரகுக் கஞ்சி. வெந்தயமும் முருங்கையிலையும் போட்டு, கரண்டி நிமிர்ந்து நிற்கிற தடிப்பில் இருக்கும்.

மூன்று நாள் குடித்தேன். நாலாம் நாள், மாமி பூப்பறிக்கப் போன நேரம் பார்த்துக் கோப்பையைச் சமையலறைச் சிங்க்கில் கவிழ்த்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வெறும் கோப்பையைக் கண்டு மாமி சந்தோஷப்படும்போது, பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று படிப்பிக்கிற வாத்தியாராகிய நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

மூன்றாவது வாரம், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள், சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை.

“குழாய் வேலைக்காரரைக் கூப்பிடுங்கோ தம்பி,” என்றார் மாமி.

வேறொருவர் மாமியின் கண் முன்னாலேயே என் களவை வெளியே எடுப்பதா? “வேண்டாம் மாமி, நானே பாக்கிறன்,” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன். சந்தியில் இருந்த இரும்புக்கடையில், ஒரு முனையில் சுற்றுகிற கைப்பிடி வைத்த நீளமான கம்பிச் சுருள் ஒன்று வாங்கினேன்.

“சுத்திச் சுத்தித் தள்ளுங்கோ. முட்டினால் பலவந்தப்படுத்தாதேங்கோ,” என்றார் கடைக்காரர்.

மாமி மத்தியானம் கண்ணயர்ந்ததும் வேலையை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவரோ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நின்றார். எங்கள் சிங்க்குத் தண்ணீர் சுவருக்கு வெளியே வாழையடியில் போய் விழும். “நீங்கள் உள்ளுக்கை சுத்துங்கோ. நான் அங்காலை நிண்டு பாக்கிறன்,” என்று வாழையடிக்குப் போய்விட்டார்.

கம்பியை விட்டேன். வளைவில் முட்டியது. கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மெல்லச் சுற்றினேன். ஏதோ பிடிபட்டது. இன்னும் இரண்டு சுற்று. திடீரென்று கை இலகுவானது. ஒரு பெரிய ஏப்பத்தோடு தண்ணீர் சுழன்று இறங்கியது. குற்றமெல்லாம் மறந்து, “போகுது மாமி!” என்று கத்தினேன்.

“இஞ்சை வந்திட்டுது தம்பி!” என்று வெளியிலிருந்து குரல் வந்தது. பிறகு, “உது குரக்கன் எல்லோ?”

நான் வெளியே போனேன். வாழையடியில் மண்ணிறக் கட்டி ஒன்று, வெந்தயமும் முருங்கையிலையும் ஒட்டியபடி கிடந்தது. வாயில் ஒரு பொய்யும் வரவில்லை.

“ஓம் மாமி. எனக்கு அது இறங்குதில்லை. ஊத்திப்போட்டன். பிழைதான்.”

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறிப்போனேன். பார்த்தால், சிரிப்பு!

“எனக்கு மட்டும் இறங்குதே? என்ரை பங்கை வந்த நாள் தொட்டு பக்கத்து வீட்டுக் கோழியளுக்கெல்லோ வைக்கிறன்!”

இரண்டு பேரும் வாழையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதன் பிறகு மாமி அதே குரக்கன் மாவில் துருவிய தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு ரொட்டி சுட்டார். நான் இரண்டு தின்றேன், மாமி மூன்று.

பின்னேரம் வந்த மனைவி, “என்ன, ரெண்டு பேரும் ஒரே சிரிப்பாய் இருக்கிறியள்?” என்று கேட்டாள்.

“சிங்க் அடைச்சுப்போச்சு பிள்ளை. தம்பி நல்லாத் திருத்திப்போட்டார்,” என்று சொல்லிவிட்டு, மாமி அவளுக்கும் ஒரு ரொட்டியைத் தட்டில் போட்டார்.