யசோதரா கோப்பில் சேர்த்த பக்கங்கள்

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. யசோதராவின் மகன். "ஆன்ட்டி, அம்மா போய்ட்டாங்க" என்றான். எப்போது என்று கேட்டேன். காலையில் என்றான். சரிப்பா, வருகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, மீதி இருந்த வெங்காயத்தையும் உரித்து முடித்தேன். குழம்பும் வைத்தேன். அதன் பிறகுதான் சேலை மாற்றிக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறினேன்.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். தலைமாட்டில் புத்தர் படம், பக்கத்தில் ஊதுவத்தி. நம் அலுவலகத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தீர்கள். எல்லோரும் அழுதீர்கள். எனக்கு வரவில்லை, இதுவரையிலும் வரவில்லை. சங்க இதழுக்கு யாராவது நாலு வரி எழுத வேண்டும், நீங்கள்தானே பக்கத்து மேஜை என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

யசோதரா சுருக்கெழுத்தர். நான் தட்டச்சர். ராயபுரம் அலுவலகத்தில் ஒரே ஜன்னலோரம் பதினோரு வருஷம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும் அந்த ஜன்னலை உங்களுக்குத் தெரியும். அவர் வந்து சேர்ந்த அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் 'யசோதா' என்று எழுதியிருந்தார்கள். நேராக மேலாளரிடம் போய், "சார், இன்னொரு எழுத்து கீது. எங்கப்பா யோசிச்சு வெச்ச பேரு" என்றார். அலுவலகத்தில் அந்தப் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். மேலாளர் திருத்தி எழுதும்வரை அவர் அங்கேயே நின்றார்.

எண்ணூரில் எரிவாயு மின்நிலையம் ஒன்று வரப்போவதாகச் சொல்லி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்ததே, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். யசோதரா குறிப்பெடுக்கவும், நான் வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கவும் போயிருந்தோம். நிறுவனத்தின் பொறியாளர் படம் போட்டுக் காட்டினார். நிலக்கரி கிடையாது, சாம்பல் கிடையாது, சுத்தமான மின்சாரம் என்றார். கூட்டம் அதைக் கவனமாகவே கேட்டது. துணி காயப்போட்டால் சாம்பல் படிகிற ஊர். வேண்டாம் என்று சொல்ல யாரும் வந்திருக்கவில்லை.

அப்புறம் குப்பத்திலிருந்து வந்த அஞ்சலை என்கிற மீன்காரம்மா மைக் முன்னால் நின்றார்.

"பொகை வராதுன்ற. சரி. மிஷினைக் குளுர வைக்கத் தண்ணி எடுப்பேன்னு சொன்ன. அந்தச் சுடுதண்ணிய எங்க வுடுவ? மொகத்துவாரத்துலயா? அங்கதான் மீனு முட்ட வுடும். அத்தப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலியே. புக்கு போட்டுகிறீங்க, அதுவும் இங்கிலீஷ்ல கீது. இங்கிலீஷ்ல எழுதிட்டு என்னாண்ட சம்மதமான்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

தலைமை வகித்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எழுத்து மூலமா கொடுங்கம்மா."

"எழுத்து தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?"

மைக்கை வாங்க ஒருவர் எழுந்து வந்தார். அப்போது ஓரத்து மேஜையிலிருந்து யசோதரா குரல் கொடுத்தார். "நான் எழுதிகினுதாம்மா கீறேன். நீ மெதுவா சொல்லு. ஒண்ணும் வுட்டுப்போகக் கூடாது."

சுருக்கெழுத்தர் கூட்டத்தில் பேசி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மைக் வாங்க வந்தவர் பாதியில் நின்றுவிட்டார். அஞ்சலை மேலும் கொஞ்ச நேரம் பேசினார். முகத்துவாரத்தில் எந்த மாசம் எந்த மீன் கிடைக்கும், தண்ணீர் சூடானால் எது முதலில் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஐந்தாறு பேர் தைரியமாக எழுந்தார்கள்.

யசோதரா மறுநாளே எல்லாவற்றையும் தட்டச்சு செய்து வைத்தார். கேள்வி அப்படியே, பேச்சு அப்படியே. பதில் வராத இடத்தில் 'பதில் அளிக்கப்படவில்லை' என்று இருந்தது. அதிகாரி அவரை அழைத்து, இது இவ்வளவு நீளம் வேண்டாம், இரண்டு பக்கத்தில் கொடுங்கள் என்றார். 'பொதுமக்கள் திட்டத்தை வரவேற்றனர். சில ஐயங்கள் எழுப்பப்பட்டன. உரிய விளக்கம் அளிக்கப்பட்டது' என்று வாக்கியத்தையும் சொன்னார்.

"விளக்கம் அளிக்கலியே சார்" என்றார் யசோதரா.

அதிகாரி கோபப்படவில்லை. என்னைக் கூப்பிட்டார். நான் இரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தேன். அடியில் வழக்கம்போல என் முதலெழுத்தைப் போட்டேன். இது உங்களில் பலருக்குத் தெரியாது. தெரியட்டும்.

யசோதரா சண்டைக்குப் போகவில்லை. தான் அடித்த முழுப் பிரதியையும் அதே கோப்பில் வைத்து, பக்க எண் போட்டு, குறிப்புத் தாளில் 'கூட்டத்தின் முழுப் பதிவு இணைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதினார். விதியில் இருக்கிற வேலைதான். அந்த மாசமே அவரைக் கீழ்த்தளத்து ஆவண அறைக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் எழுதப்படவில்லை. அந்தத் தூசியில் அவருக்கு மூச்சு இழுப்பு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மேலே ஏறி வருவார், என் மேஜைக்கே. கருவாட்டுக் குழம்பில் பாதியை எனக்கு ஊற்றுவார். இரண்டு பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் அஞ்சலை பேரில் ஒரு மனு வந்தது. அன்றைய கூட்டத்தில் பதிவானது எல்லாம் வேண்டும் என்று யாரையோ வைத்து எழுதியிருந்தார். என்னுடைய இரண்டு பக்கத்தை அனுப்பினால் போதும் என்று பிரிவில் முடிவாகியிருந்தது. யசோதரா கோப்பைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க மேலே வந்தார். புதிதாக வந்திருந்த அதிகாரியிடம் குறிப்புத் தாளைக் காட்டி, "'எல்லாம்'னு கேட்டுருக்காங்க சார். எல்லாத்துக்கும் பக்க நம்பர் கீது" என்றார். அதிகாரி புரட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

பிரதியை வாங்க அஞ்சலை நேரில் வந்தார். படிக்கத் தெரியாதே என்று யசோதரா வராந்தா பெஞ்சில் உட்கார வைத்து வாசித்துக் காட்டினார். நான் கதவோரம் நின்றிருந்தேன். அஞ்சலை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "ஆமா, இப்டித்தான் சொன்னேன்" என்றார். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்த மீனு கெளுத்தி இல்லமா. கெழங்கா. நான் கெழங்கான்னுதான் சொன்னேன்."

யசோதராவின் முகம் சுருங்கிப்போனது. "எம்மேல தப்பு. காதுல தப்பா வுழுந்துருச்சு" என்றார். கோப்பில் இனி கை வைக்க முடியாது என்பதால், அஞ்சலையின் பிரதியில் ஓரமாகத் திருத்தி எழுதிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பக்கங்களைக் காட்டித்தான் குப்பத்தார் மேலே மனுக் கொடுத்தார்கள். மறுபடியும் ஒரு கூட்டம் நடந்தது. இந்த முறை அந்த இங்கிலீஷ் அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருந்தது. சுடுதண்ணீரை முகத்துவாரத்தில் விடப்போவதில்லை, ஆறவைத்துத் திரும்ப உபயோகிப்போம் என்று வரைபடத்தை மாற்றிக் காட்டினார்கள். "இத்த அன்னிக்கே சொல்லிருக்கலாமே" என்று அஞ்சலை சொன்னதாகக் கேள்வி. நிலையம் இன்னும் வரவில்லை. எரிவாயு கிடைப்பதில் ஏதோ சிக்கல் என்கிறார்கள். பழைய புகைபோக்கிகள் அப்படியே இருக்கின்றன. யசோதராவுக்கு அதில் வருத்தம் உண்டு. "வேணாம்னு எவன் சொன்னான்? கேட்டதுக்குப் பதில சொல்லிட்டுக் கட்டுன்னுதான சொன்னாங்க" என்பார்.

ஓய்வு பெற்று நாலு மாசத்தில் இழுப்பு அதிகமாகி அவரை அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். நான் கடைசியாகப் பார்த்தது அங்கேதான். ஆக்சிஜன் குழாயைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஏதேதோ பேசினோம். கிளம்பும்போது சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அந்த ரெண்டு பக்கத்த நான்தான் அடிச்சேன், யசோ."

"தெரியும்மே. அடியில உன் எழுத்து இருந்துச்சே."

"ஒரு தடவகூட நீ அதக் கேக்கலையே."

கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டார். அப்புறம் என் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல. நல்லா அடிச்சிருந்த" என்றார்.

அவர் முகத்தில் கேலி இல்லை. கோபமும் இல்லை. அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து சொன்னார், நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யசோதராவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான். அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று தெரியாமலே அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.