கழுவுவதற்கு ஓர் ஆழாக்கு அரிசி

தாம்பரத்துக்குக் குடிவந்த புதிதில் நான் எல்லாக் கடைக்காரர்களையும் சந்தேகப்பட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள், என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று நினைப்பு. விறகுத் தொட்டியில் ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி ஈரம் பார்ப்பேன். மண்ணெண்ணெய் அளக்கும்போது நுரை அடங்கும்வரை நகரமாட்டேன். கீரைக்கட்டை அவிழ்த்து நடுவில் புல் வைத்திருக்கிறார்களா என்று தேடுவேன். என் கணவர் என்னோடு கடைக்கு வருவதையே நிறுத்திவிட்டார். "நீ சாமான் வாங்கப் போறியா, ரெய்டு நடத்தப் போறியா?" என்பார். அவருக்கென்ன, காலையில் எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடித்தால் இருட்டித்தான் வருவார்.

எனக்கு அந்த ஊரைப் பழக்கிக் கொடுத்தவர் எதிர்வீட்டு அக்கா. அந்தப் பக்கத்துக்காரர்கள்தான், செம்பாக்கம் ஏரிக்குக் கீழே அவர்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருப்பது தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் டீச்சர்தான். இடுப்பில் கைக்குழந்தையோடு என்னைக் கடைகடையாக அழைத்துப் போனார்.

"மூலைக் கடையில எண்ணெ வாங்கு டீச்சர், பருப்பு வாங்காத. கல்லு கீது. தெச்சித் தர்றவரு அதோ, அந்தப் பச்சைக் கதவு. சொன்ன தேதிக்குக் குடுக்கமாட்டாரு, ஆனா துணிய வீணாக்கமாட்டாரு."

அவர் சொன்ன எதுவும் பிசகவில்லை. ஆனாலும் நான் ஒவ்வொன்றையும் இன்னொரு முறை சோதித்துத்தான் ஒப்புக்கொண்டேன். அதையும் அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்காவின் குழந்தை பெண். முதல் பிறந்தநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. அக்காவுக்கு டைபாய்டு வந்து எழுந்தபோது தாய்ப்பால் நின்றுவிட்டிருந்தது. குழந்தை சவலையாகிக் கை கால் எல்லாம் குச்சியாகி, கேழ்வரகுக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. "இந்தக் கஞ்சிதான் டீச்சர் எம்பொண்ண மீட்டுக் குடுத்திச்சி" என்று அக்கா தெருவில் எல்லோரிடமும் சொல்வார்.

அரிசிக்குத் தட்டுப்பாடான வருஷம் அது. ரேஷனில் போட்டது வாரத்தின் பாதிக்கே காணாது. தெருவே கோதுமைக்கு மாறிக்கொண்டிருந்ததால் மாவு மில்லில் எந்நேரமும் கூட்டம். பெண்கள் நிற்கவேண்டியதில்லை, டப்பாக்கள் வரிசையில் நிற்கும். வைத்துவிட்டுப் போய், வேலை முடித்து வந்து எடுத்துக்கொள்ளலாம். மில்லில் இருந்தது ஒரே மிஷின். அதனால் காலையிலும் சாயங்காலமும் மாவு மட்டும், மிளகாய் மத்தியானம்தான், அதுவும் ஆள் கூட நின்றால்தான் என்று ஒரு சட்டம் வைத்திருந்தார் மில்காரர்.

மத்தியானம் நான் வகுப்பில் இருப்பேன். எனக்கு மிளகாய் அரைத்தாக வேண்டும். ஒருநாள் சாயங்காலம் போய்க் கெஞ்சினேன். மில்காரர் புருவமெல்லாம் மாவாக நின்று யோசித்தார்.

"டீச்சரம்மாவாச்சேன்னு பாக்கறேன். காலைல மொத ஆளா வந்துடு. மிஷின் கழுவ ஒரு ஆழாக்கு அரிசி கொண்டா. அது உள்ள ஓடுனாத்தான் காரம் போவும்."

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. கழுவுவதற்கு ஆழாக்கு அரிசியா? இந்தப் பஞ்சத்திலா? ஆளுக்கு ஆழாக்கு வாங்கினால் சாயங்காலம் இவன் வீட்டில் உலை கொதிக்காதா? என் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்க்கிறான் என்று தீர்மானித்துவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு பிடி அரிசியைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டினேன். அந்தப் பிடியையும் கையை இறுக்கித்தான் அள்ளினேன்.

வாசலில் அக்கா பிடித்துக்கொண்டார். "மில்லுக்கா போற? பாப்பாவோட கேவுரு கீது, அதையும் வெச்சிட்டு வந்துடு. நான் போய் எடுத்துக்கறேன்." நான் எடுத்துப்போவது மிளகாய் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. சட்டத்தை மீறிச் சலுகை வாங்கியதை எதற்குத் தெருவில் பரப்ப வேண்டும் என்றுதான். இரண்டு டப்பாக்களையும் வரிசையில் வைத்தேன். முதலில் என்னுடையது, அடுத்தது குழந்தையுடையது.

மிளகாய் அரைந்ததும் என் தூளை வாங்கிக்கொண்டு, பொட்டலத்தை மில்காரர் கையில் திணித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன். அவர் அதைப் பிரிக்கும்போது நான் அங்கே இல்லை. அன்று வகுப்பில் நல்ல உற்சாகம் எனக்கு.

சாயங்காலம் தெருமுனையிலேயே அழுகை கேட்டது. கேழ்வரகு மாவின் நிறத்தில் மிளகாய் தெரியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சியதை எச்சில் பண்ணிப் பார்க்கும் வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. பசியோடிருந்த குழந்தை முதல் இரண்டு கரண்டியை அவசரமாக விழுங்கியிருக்கிறது. உதடும் நாக்கும் சிவந்து, கத்திக் கத்திக் குரல் கம்மிப் போயிருந்தது. அக்கா அதன் வாயில் வெண்ணெயைத் தடவிக்கொண்டு தானும் அழுதார். என்ன நடந்தது என்று எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அக்கா என் கையைப் பிடித்து மில்லுக்கு இழுத்துப் போனார். அங்கே நின்ற பெண்கள் எல்லோருக்கும் எதிரில் மில்காரரைக் கிழித்துவிட்டார். அவரும் விடவில்லை. "என்ன ஏன் கேக்கற? உன் பக்கத்துல நிக்கறாங்களே டீச்சரம்மா, அவங்களக் கேளு. மொளகா அரைச்சது அவங்க. ஆழாக்கு அரிசி கேட்டேன், ஒரு புடிகூட இல்ல பொட்டலத்துல. கூட்டம் நிக்குது, இன்னா பண்றது? தவுட்டப் போட்டு ஓட்டுனேன்."

அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"காலைல எவளாவது மொளகா அரைப்பாளா? நீதான் உட்டுடுவியா? புதுசா வந்த பொம்பள வாய் பேசமாட்டான்னு அவ தலையில கட்டுறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

வாய் பேசமாட்டாள்! விறகுத் தொட்டிக்காரர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் உண்மையிலேயே வாய் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அக்கா எனக்காகச் சண்டை போடப் போட, சொல்லவேண்டிய வார்த்தை தொண்டைக்குள் இறங்கிக்கொண்டே போனது.

அதற்குப் பிறகு அக்கா அந்த மில்லை மிதிக்கவில்லை. சேலையூர்ப் பக்கம் வேறொரு மில்லுக்கு வெயிலில் நடந்து போனார். நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் என் வீட்டுக் கோதுமையையும் சேர்த்துச் சுமந்து போய் அரைத்துவந்து கொடுத்தார். "உனக்கு எங்க நேரம் கீது டீச்சர்" என்பார். அந்தச் சப்பாத்தியை நான் எப்படி விழுங்கினேன் என்று கேட்காதீர்கள்.

அதுகூடப் பெரிதில்லை. குழந்தை கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொண்டது. புது மாவு, வெல்லம் போட்ட கஞ்சி, எதுவும் பலிக்கவில்லை. புட்டிப் பாலை மட்டும் குடித்தது, அதுவும் பாதி தண்ணீர். கன்னத்தில் ஏறியிருந்த சதை மறுபடி வடிய ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, கஞ்சி இறங்காவிட்டால் குழந்தை தாங்காது என்று சொல்லியனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னோம். கூட்டத்தோடு சேர்ந்து ஒரே குரலில் பாவி என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் உறைத்தது. ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குள்கூடப் போகாமல் நேரே அக்காவிடம் போனேன். அவர் குழந்தையை மடியில் வைத்துக் கஞ்சியோடு மல்லாடிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய், பொட்டலம், மில்லில் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம்.

அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"பத்து பேரு முன்னாடி அந்த ஆள அப்படிப் பேசிட்டேனே" என்றார் கடைசியில். தன் குழந்தையைப் பற்றிக்கூட முதலில் சொல்லவில்லை.

சாயங்காலம் இருவரும் மில்லுக்குப் போனோம். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனோம். அக்கா திட்டியது தப்பான ஆளை, தவறு என்னுடையது என்று நான் சொல்லி முடிக்கும்வரை அக்கா தலைகுனிந்து நின்றார். குனிந்திருக்க வேண்டிய தலை அதுவல்ல. மில்காரர் ஒன்றும் உருகிவிடவில்லை. "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? இனிமே மொளகா மத்தியானம்தான். டீச்சரா இருந்தா இன்னா, கலெக்டரா இருந்தா இன்னா" என்று மிஷின் பெல்ட்டை மாட்டப் போய்விட்டார். அவர் சொன்னது நியாயம்.

திரும்பி வந்ததும் அக்கா குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்தார். பக்கத்தில் கிண்ணத்தையும் கரண்டியையும் வைத்தார்.

"நீதான கெடுத்த? நீயே ஊட்டு."

அவர் குரலில் கோபம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து பள்ளி விட்டதும் என் வேலை அதுதான். காக்கா காட்டினேன், பாட்டுப் பாடினேன், கரண்டியை விட்டுவிட்டு விரலில் தொட்டு உதட்டில் தடவினேன். குழந்தை தலையைத் திருப்பித் திருப்பி அழும். முதல் முறையாக அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது அந்த நாட்களில்தான். பிறகு நானே ஒவ்வொரு கிண்ணத்திலும் முதல் வாயைச் சாப்பிட்டுக் காட்ட ஆரம்பித்தேன், எச்சில் என்று பார்க்காமல். அக்கா தடுக்கவில்லை.

ஒரு சாயங்காலம் நான் சாப்பிட்டுக் காட்டிக் கரண்டியை இறக்கியபோது, குழந்தை என் தாடையைத் தன் கையால் தொட்டது. பிறகு வாயைத் திறந்தது. ஒரு வாய், இன்னொரு வாய் என்று கிண்ணம் காலியாகும்வரை சாப்பிட்டது. அக்கா உள்ளேயிருந்து ஓடிவந்து அழுகையும் சிரிப்புமாக, "பாரேன், பெத்தவ கையில தின்னாதது உன் கையில தின்னுது! உம்மேல அதுக்கு அவ்ளோ நம்பிக்க டீச்சர்!" என்றார்.

குழந்தை கஞ்சி வழியும் வாயோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கிண்ணத்தைக் கழுவுகிறேன் என்று சொல்லி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். அதன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.