பத்தர் விழுங்கிய நாலாவது கல்

கொக்குவில் பஞ்சலிங்கத்தைப் பயந்தாங்கொள்ளி என்று ஊரில் சிலர் சொல்வார்கள். அது அநியாயம். எண்பத்தாறாம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பயப்படாமல் இருந்தவர்கள் இரண்டே வகை: காது கேளாதவர்கள், கொழும்பில் இருந்து அறிக்கை விட்டவர்கள். பஞ்சலிங்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முந்திப் பயப்படுவார், அவ்வளவுதான். ஊருக்கு இராணுவ ஹெலிகொப்டர் சத்தம் கேட்கும்போது அவர் பதுங்குகுழிக்குள், அதாவது பங்கருக்குள், குந்தியிருந்து மற்றவர்களுக்கும் இடம் பிடித்து வைத்திருப்பார்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்தது நகையில் கல் பதிக்கும் பத்தர் தொழில், கை நடுங்கவே கூடாத தொழில். கல்லைக் கீழே வைத்தால் உருண்டுவிடும், மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று பயந்து, பதிக்கப் போகிற கல்லை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வது அவர் பழக்கம். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் ‘ம்’தான் பதில்.

வல்வெட்டித்துறையில் வள்ளங்கள் வைத்திருந்த ஆழ்வாப்பிள்ளைச் சம்மாட்டியார் ஒருநாள் வந்து, ஒரு கைமணிக்கூட்டை மேசையில் வைத்தார்.

“பத்தர், உதிலை நாலு வைரம் பதிக்கவேணும். பன்ரண்டு, மூண்டு, ஆறு, ஒம்பதிலை.”

பஞ்சலிங்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சம்மாட்டியார், இது பொன்னில்லை. சோத்துக்கோப்பை செய்யிற எவர்சில்வர்.”

“தெரியும். மகளுக்குப் பேசின மாப்பிள்ளை சவூதியிலை ஆரோ இப்பிடி ஒண்டு கட்டியிருக்கக் கண்டவராம், தனக்கும் வேணுமாம். மனிசியின்ரை தோட்டிலை இருந்த கல்லைக் கழட்டிக் கொண்டந்திருக்கிறன். அவள் இன்னும் அழுகிறாள்.”

“பொன் எண்டால் சொல்வழி கேக்கும். இது வளையாது.”

“வளைக்கத்தானே உம்மட்டை வந்தனான்.”

கடற்காற்றுக்கு மேலால் கத்திப் பழகிய குரல். ‘வெற்றிலை இருக்கோ’ என்று கேட்டாலே கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். பஞ்சலிங்கம் தலையாட்டிவிட்டார்.

பிறகு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. துளை போடும் ஊசிகள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. எப்படியோ மூன்று கற்கள் உட்கார்ந்துவிட்டன. கலியாணம் நெருங்கிவிட்டதால், சம்மாட்டியாரே வந்து எதிரே கதிரையில் குந்தியிருந்தார். நாலாவது கல் பஞ்சலிங்கத்தின் நாக்கின் அடியில் இருந்தது.

அப்போதுதான் ஹெலி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல், பனை உச்சியைத் தொடுகிற மாதிரித் தாழப் பறந்து. இருவரும் பங்கருக்குள் பாய்ந்தார்கள். பின்வளவில் ஏதோ வெடித்து மண் சொரிந்தது. “ஐயோ முருகா!” என்று பஞ்சலிங்கம் வாயைத் திறந்தார். மூடியபோது கல் இல்லை.

வைரம் குடலை அறுக்கும், விழுங்கியவன் பிழைக்கமாட்டான் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தக் கணமே வயிற்றுக்குள் யாரோ சூரைமீன் வெட்டுவது போலிருந்தது.

“மகாதேவி,” என்று மனைவியைக் கூப்பிட்டார். “நான் போறனடி. வைரத்தை விழுங்கிப்போட்டன்.”

“இஞ்சருங்கோ, உமியளவு கல்லு. ஒண்டும் செய்யாது. ஒடியற்கூழ் காச்சித் தாறன், தானாய் வெளியிலை வந்திடும்,” என்றாள் மகாதேவி. சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் விம்மினாள். அது கேட்டதும் அவருக்கு மரணம் உறுதியாகிவிட்டது.

ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. படலையடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, “பத்தர், தும்மாதையும்! துள்ளாதையும்! வாழைப்பழம் இன்னும் ரெண்டு தின்னும்,” என்று காவல் இருந்தார். மறுபடி ஹெலி வந்தபோது பஞ்சலிங்கத்தை ஓடவிடவில்லை. குழந்தையைப் போல் இரண்டு கையிலும் வாரித் தூக்கிக்கொண்டு, “கல்லு கவனம், கல்லு கவனம்!” என்று பங்கருக்குள் இறக்கினார். பிறந்த நாள் முதல் பஞ்சலிங்கத்தை யாரும் இவ்வளவு பத்திரமாகப் பார்த்ததில்லை. அதுவும் பயமாகத்தான் இருந்தது.

மறுநாள் மத்தியானம், மகாதேவியின் கூழும் வாழைப்பழமும் தங்கள் கடமையைச் செய்தன. விபரம் வேண்டாம். கல்லைச் சாம்பல் போட்டு, மஞ்சள் தண்ணீர் விட்டு, பாலும் ஊற்றிக் கழுவி ஒன்பதாம் மணியில் பதித்தார்கள். “உயிருள்ள மட்டும் வாய் திறக்கப்படாது,” என்றார் ஆழ்வாப்பிள்ளை. பஞ்சலிங்கம் சத்தியம் செய்தார்.

கலியாண வீட்டில் தாலியைத் தட்டில் வைத்துச் சபைக்குள் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றி ஆசீர்வதிப்பது வழக்கம். யாருடைய புத்தியோ, தாலிக்குப் பக்கத்தில் அந்த மணிக்கூடும் மினுங்கிக்கொண்டு இருந்தது. ஒவ்வொருவராகத் தாலியைத் தொட்டார்கள், மணிக்கூட்டைத் தொட்டார்கள், கண்ணில் ஒற்றினார்கள். ஒரு கிழவர் ஒன்பதாம் மணிக் கல்லை ஆசையாக இரண்டு தரம் தடவினார்.

பஞ்சலிங்கத்துக்குக் குடல் அறுகிற பயம் போய், தெய்வ குற்றம் வந்து நெஞ்சில் ஏறிக்கொண்டது. தட்டு அவரிடம் வந்தது.

“என்ன பத்தர், உங்கடை கையாலை செய்த வேலை. தொட்டுக் கும்பிடுங்கோவன்,” என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

அவர் விரல் ஒன்பதை விட்டு விலகிப் பன்னிரண்டாம் மணியை நோக்கிப் போன நேரம், கடற்பக்கத்தில் ஹெலி இரைந்தது. பந்தல் கலைந்தது. ஆழ்வாப்பிள்ளை மணவறைப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பழக்கதோஷம். நேரே வந்து பஞ்சலிங்கத்தை வாரித் தூக்கிக்கொண்டு, “கல்லு கவனம்!” என்று பங்கருக்கு ஓடினார்.

பின்னால் மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தன் காலால் ஓடிவந்து சேர்ந்தார். இருட்டுக்குள் அவர் தகப்பனின் குரல் கேட்டது.

“சம்மந்தி, பெத்த பிள்ளையை விட்டிட்டு, மாப்பிள்ளையை விட்டிட்டு, பத்தரை ஏன் தூக்கினனீங்கள்? அவரிட்டை என்ன கல்லு?”

மேலே ஹெலி சுற்றியது. எல்லாரும் முருகனைக் கூப்பிட்டார்கள். பஞ்சலிங்கம் மட்டும் கூப்பிடவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.